18,000 வெள்ளி ஸ்பீக்கரும் சுசீலாவின் குரலும்

விலை உயர்ந்த ஸ்பீக்கர் வாங்கப்போகிறவர்கள், அதிலும் என்னைப்போல் பழைய தமிழ்ப் பாட்டு கேட்பதற்காகவே வாங்கப்போகிறவர்கள், பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன்னால் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். எனக்கு இதையெல்லாம் எடுத்துச் சொல்ல யாரும் வாய்க்கவில்லை. மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்தை ஒட்டிய ஊரில் கார் ஸ்பீக்கரைப் பற்றிப் பேச எத்தனையோ பேர் கிடைப்பார்கள். வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்க ஸ்பீக்கர் என்றால் "டிவியிலயே நல்லாத்தானே கேட்குது" என்பார்கள். கடைக்காரர் சொன்னதையும் யூடியூபில் பார்த்ததையும் நம்பித்தான் இறங்கினேன். எல்லாம் முடிந்து கணக்குப் பார்த்தபோது 11,600 வெள்ளி, அதாவது ரிங்கிட், கரைந்திருந்தது. அதோடு, ஓய்வுக் காலத்தின் முதல் வருடம் பாட்டே கேட்காமல் போனது.

நான் செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை செய்தவன். கொதிகலன் பக்கம் பல வருடம், அப்புறம் ஃபோர்மேன். 55 வயதில் சேமநிதிப் பணம் வந்ததும் வீட்டுக் கூரை, மகளின் கல்யாணக் கடன் என்று ஒவ்வொன்றாகக் கழித்த பிறகு கொஞ்சம் மிஞ்சியது. "உங்களுக்குன்னு எதையும் வாங்கிக்கிட்டதில்ல, வாங்கிக்குங்க" என்று மனைவியே சொன்னாள். வீட்டில் தொண்ணூறுகளில் வாங்கிய 60 வாட் ஜப்பான் ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் பெட்டி) ஒன்று இருந்தது. அதோடு வந்த ஸ்பீக்கர்கள் செத்துப்போயிருந்தன. வூஃபரை, அதாவது தாழ்ந்த சுருதிகளைத் தரும் பெரிய கூம்பை, சுற்றியுள்ள ஸ்பாஞ்சு வளையம் நம் ஊர்ப் புழுக்கத்தில் இற்று, தொட்டால் கையில் கறுப்பாக ஒட்டிக்கொண்டு வந்தது. ஆனால் பாட்டுக்குப் பஞ்சமில்லை. எச்எம்வி, எக்கோ இசைத்தட்டுகள், ஈப்போ லிட்டில் இந்தியாவில் வாங்கிய கேசட்டுகள், சிடிகள் என்று ஒரு அலமாரி நிறைய உண்டு. முக்கால்வாசி எழுபதுகளுக்கு முந்தைய சினிமாப் பாட்டு. மிச்சம் நாதஸ்வரமும் எண்பதுகளின் பாட்டுகளும்.

பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கடைக்குப் போனேன். குளிர்சாதன அறை, சுவருக்குச் சுவர் கம்பளம், பக்கச் சுவர்களில் ஒலியை உறிஞ்சும் பலகைகள், நடுவில் ஒரு சோபா. விற்பனை செய்த இளைஞர் "அங்கிள், இதைக் கேளுங்க" என்று போட்டது, ஒரு பெண் கிட்டார் மட்டும் வைத்துப் பாடும் ஆங்கிலப் பாட்டு. அவள் பாடத் தொடங்கும் முன் உதட்டைப் பிரிக்கும் சத்தம்கூடக் கேட்டது. விரல் கம்பியில் வழுக்குவது கேட்டது. பக்கத்திலிருந்த வேறொரு ஜோடிக்கு மாற்றினார். மேலே போர்வை போட்டு மூடியதுபோல் மங்கலாகப் பட்டது. மறுபடி முதல் ஜோடிக்கு வந்ததும் அறையே வெளிச்சமானது. 18,000 வெள்ளி. பெயர் பெற்ற தயாரிப்பு, பத்திரிகைகளெல்லாம் புகழ்ந்தது. உங்கள் சிடி ஏதாவது கொண்டுவந்தீர்களா என்று அவர் கேட்கவில்லை. என் பையில் இருந்ததை எடுத்துக் கொடுக்க எனக்கும் கூச்சமாக இருந்தது. அவ்வளவு சுத்தமான பாட்டுக்குப் பிறகு 1962ஆம் வருடத்துப் பாட்டைப் போடச் சொன்னால் என்ன நினைப்பாரோ என்றுதான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன், பணம் கைமாறியது இங்கேதான். இரண்டு ஸ்பீக்கர்களை மாற்றி மாற்றிக் கேட்கும்போது, உயர்சுருதி சற்றுத் தூக்கலாக உள்ளதே எப்போதும் ஜெயிக்கும். காதுக்கு அது புதுத் தெளிவாகப் படும். களைப்பு தெரிய ஒரு மணி நேரமாவது ஆகும், கடையில் யாரும் அவ்வளவு நேரம் உட்காருவதில்லை. இன்னொன்று, ஒரே ஆம்பில் வால்யூமைத் தொடாமல் மாற்றினால், எந்த ஸ்பீக்கரின் உணர்திறன், அதாவது அதே வாட்டில் சத்தம் எழுப்பும் திறன், கூடுதலோ அது சத்தமாக ஒலிக்கும். சத்தத்தை அளக்கும் கணக்கில் ஒரு டெசிபெல் வித்தியாசம் நமக்குச் சத்தமாகத் தெரியாது, தரமாகத்தான் தெரியும். கைப்பேசியில் சத்தம் அளக்கும் செயலி இருந்தாலே போதும். இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவரச் சொல்லிக் கேளுங்கள். முகம் சுளித்தால் வேறு கடை பாருங்கள்.

வீட்டுக்கு வந்தது. எங்கள் தாமானில் (குடியிருப்பில்) உள்ளது எல்லாரும் பார்த்திருக்கும் வரிசை வீடுதான். 12 அடி அகல ஹால், தரையில் டைல்ஸ், மூன்று பக்கம் சிமெண்டுச் சுவர், முன்பக்கம் கண்ணாடிக் கதவு. முதலில் போட்டது சுசீலா அம்மாவின் பாட்டு. குரல் வந்தது, கூடவே ஒவ்வொரு 'ச'வும் 'ஸ'வும் தனியாகக் கிளம்பி வந்து காதைக் கீறியது. டி.எம்.எஸ். மேல் ஸ்தாயிக்குப் போனபோது வால்யூமைக் குறைக்கக் கை தானாகப் போனது. வயலின் கூட்டம் ஒரே கூச்சலாக இருந்தது. அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்து, "என்னங்க, கம்பி போட்டுப் பாத்திரம் தேய்க்கிற சத்தம் மாதிரி இருக்கு" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னது சரியாக இருந்ததால்தான் அந்தக் கோபம்.

கடைக்கு ஃபோன் செய்தேன். "இருநூறு மணி நேரம் ஓடட்டும் அங்கிள், பழகினா சரியாயிடும்" என்றார்கள். பழகட்டும் என்று பகல் முழுக்க ஓடவிட்டேன். வூஃபரின் ரப்பர் வளையமும் பின்னாலுள்ள துணித் தாங்கியும் தொடக்கத்தில் கொஞ்சம் தளர்வது உண்மைதான். பேஸ் (தாழ்ந்த சுருதி) சிறிது மாறலாம். ஆனால் 3,000 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 3,000 அதிர்வு) பக்கம் தூக்கலாக வடிவமைத்த ஸ்பீக்கர் எத்தனை மணி நேரம் ஓடினாலும் அப்படியேதான் இருக்கும். மாறுவது நம் காதின் பொறுமை. இதற்குள் பொருளைத் திருப்பிக் கொடுக்க அவர்கள் வைத்திருந்த தவணை முடிந்துவிட்டது. "பழகட்டும்" என்று யார் சொன்னாலும், திருப்பித் தரும் கடைசித் தேதியைக் கேட்டு பில்லிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

அடுத்த பழி ஆம்ப் மேல் விழுந்தது. அதில் பாதி நியாயம் உண்டு என்று பிறகு தெரிந்தது. ஸ்பீக்கரின் பின்னால் அதன் மின்தடை 8 ஓம் என்று எழுதியிருக்கும். அது ஒப்புக்கு எழுதும் எண். சுருதி மாற மாற ஓம் ஏறி இறங்கும், இறங்க இறங்க ஆம்புக்குச் சுமை கூடும். என் ஸ்பீக்கர் பேஸில் ஓர் இடத்தில் 3 ஓம் வரை இறங்கியது. உணர்திறனும் 85 டெசிபெல்தான். உணர்திறன் 3 டெசிபெல் குறைந்தால் அதே சத்தத்துக்கு இரண்டு மடங்கு வாட் தேவைப்படும், 10 டெசிபெல் குறைந்தால் பத்து மடங்கு. என் பழைய ஆம்ப் தவில் அடி விழும் இடத்தில் 'டக்' என்று பாதுகாப்பு ரிலேயை வெட்டிவிட்டு மௌனமாகும். கடைக்காரர் பேச்சைக் கேட்டு 6,500 வெள்ளிக்குப் புது ஆம்ப் வாங்கினேன். ரிலே வெட்டுவது நின்றது, பேஸ் இறுகியது. காதைக் கீறுவது மட்டும் போகவில்லை, முன்பைவிடத் துல்லியமாகக் கீறியது. அப்புறம் ஒரு கேபிள், 1,800 வெள்ளி. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, எந்த மாற்றமும் இல்லை.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அப்படித்தான் இருந்தது. மகள் வந்து "எவ்வளவுப்பா?" என்று கேட்டபோது சொல்ல வாய் வரவில்லை. ஹாலில் ஆளுயரத்துக்கு இரண்டு பெட்டிகள் பளபளவென்று நிற்கும், நான் வாசலில் உட்கார்ந்து கைப்பேசியில் மின்னல் எஃப்.எம். கேட்டுக்கொண்டிருப்பேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. ஸ்பீக்கர் மேல் தூசி தட்டும்போது மட்டும் என்னைத் திரும்பிப் பார்ப்பாள்.

வழி காட்டியவர் ஈப்போவில் பழைய ரேடியோ, ஆம்ப் பழுதுபார்க்கும் ஒரு சீனப் பெரியவர். பழைய ஆம்பைச் சரிபார்க்கக் கொண்டுபோன இடத்தில் புலம்பினேன். "நான் வந்து கேட்கிறேன்" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்தார். பாட்டைப் போடச் சொல்லவில்லை. ஹால் நடுவில் நின்று ஒருமுறை கை தட்டினார். தட்டு விழுந்த பிறகு 'டிர்ர்ர்' என்று ஒரு நடுக்கம் இரண்டு சுவருக்கும் நடுவே ஓடியது. இத்தனை வருடம் குடியிருந்தும் நான் அதைக் கவனித்ததில்லை. அப்புறம் பாட்டைப் போட்டு, ஸ்பீக்கருக்கு நேராக நிற்காமல் பக்கவாட்டில் போய் நின்றார். என்னையும் நிற்கச் சொன்னார். நேரே கேட்டதைவிடப் பக்கத்தில் குரல் கூடுதலாகக் கரகரத்தது. சோபா மெத்தையை எடுத்து பக்கச் சுவரில் ஓர் இடத்தில் என்னைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, தான் போய் நாற்காலியில் உட்கார்ந்து தலையாட்டினார். பிறகு இடம் மாறிக்கொண்டோம். அவர் மெத்தையைப் பிடித்தார், நான் கேட்டேன். 'ச' பாதி அடங்கியிருந்தது.

அவர் உடைந்த தமிழிலும் மலாயிலும் சொன்னதை, பிறகு நானும் தேடிப் படித்துப் புரிந்துகொண்டதோடு சேர்த்துச் சொல்கிறேன். மனிதக் காது எல்லாச் சுருதியையும் ஒரே அளவாகக் கேட்பதில்லை. ஃபிளெட்சரும் மன்சனும் 1933லேயே அளந்து காட்டிவிட்டார்கள். ஏறக்குறைய 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரைதான் நம் காது மிகக் கூர்மையாக இருக்கிறது. பெண் குரலின் கூர்மை, நாதஸ்வரத்தின் காட்டம், வயலின் உரசல் எல்லாம் அங்கேதான் கூடுகின்றன. அதே இடத்தில்தான் பெரும்பாலான இரண்டு யூனிட் ஸ்பீக்கர்களில் வூஃபர் கைவிட்டு, உயர்சுருதிக்கான சின்ன யூனிட்டான ட்வீட்டர் எடுத்துக்கொள்கிறது. 3,000 ஹெர்ட்ஸில் ஒலியலையின் நீளம் 11 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். வூஃபரின் கூம்பு அதைவிட அகலமானால் ஒலி பக்கங்களுக்குப் பரவாமல் நேராகக் குவியும். அதற்கு மேலே ஓர் அங்குல ட்வீட்டர் எடுத்ததும் திடீரென்று எல்லாப் பக்கமும் இறைக்கும். ஆகவே ஒவ்வொரு சுருதியின் சத்தத்தையும் நேரே அளந்து வரைந்தால் கோடு சமமாக இருக்கும், பக்கங்களில் அந்த இடத்தில் ஒரு மேடு தட்டும். கம்பளம் போட்ட கடையில் அந்தப் பக்க ஒலியைச் சுவர் விழுங்கிவிடும். டைல்ஸ் போட்ட என் ஹாலில் அத்தனையும் திரும்பி வந்து காதில் விழுந்தது. என் ஸ்பீக்கரில் நேரே அளந்த கோட்டிலும் அங்கே ஒரு சிறு தூக்கல் வைத்திருந்தார்கள், அது வேறு.

இதோடு பழைய பதிவைச் சேர்த்துப் பாருங்கள். அந்தக் காலத்துப் பாட்டு மோனோ, அதாவது இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி. பாடகரும் வாத்தியக் கூட்டமும் சேர்ந்து ஒரே மூச்சில் பாடி எடுத்தது. மிக உயர்ந்த சுருதிகள் அதில் குறைவு, நடுச்சுருதியில்தான் உயிர் இருக்கிறது. பிறகு அதைப் படி எடுத்து, படிக்குப் படி எடுத்து, சிடியில் போடும்போது "பளிச்சென்று" கேட்கட்டும் என்று உயர்சுருதியைத் தூக்கிவிட்டவர்களும் உண்டு. அப்படிப்பட்ட பதிவை மேடு தட்டிய ஸ்பீக்கரில் போட்டால் நுணுக்கம் ஒன்றும் கூடாது. இரைச்சலும் 'ஸ'வும்தான் கூடும். ஒரே பாட்டு மூன்று தொகுப்புகளில் இருந்தால் மூன்றையும் கேட்டுப் பாருங்கள். என்னிடமுள்ள சில பாட்டுகளில் கீறல் விழுந்த இசைத்தட்டே புது சிடியைவிட இதமாக இருக்கிறது.

மூன்றாவது காரணம் என் காது. சத்தமான ஆலையில் வேலை செய்கிறவர்களுக்குச் சட்டப்படி காது பரிசோதனை உண்டு. என் பழைய அறிக்கையைத் தேடி எடுத்துப் பார்த்தேன். 4,000 ஹெர்ட்ஸில் கோடு பள்ளமாக இறங்கியிருந்தது. இரைச்சலில் வேலை செய்தவர்களின் காது பெரும்பாலும் முதலில் அங்கேதான் பழுதாகும். அப்படியானால் அந்த இடம் தூக்கலாக இருப்பது எனக்கு நல்லதுதானே என்று நினைத்தேன். அப்படியில்லை. பழுதான இடத்தில் மெல்லிய சத்தம் கேட்காது, சற்றே கூடினால் சட்டென்று பொறுக்க முடியாததாகிவிடும். நடுவில் இருக்கவேண்டிய இடைவெளி சுருங்கிப்போகிறது. தோட்டத்திலும் ஆலையிலும் லாரியிலும் காலம் கழித்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர். ஸ்பீக்கருக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பதற்கு முன் ஒரு காது பரிசோதனை செய்துகொள்ளுங்கள். செலவு அந்தக் கேபிளில் பத்தில் ஒரு பங்கு வந்தால் அதிகம்.

முதலில் ஹாலைச் சரிசெய்தேன். தடித்த கம்பளம் ஒன்று, கண்ணாடிக் கதவுக்கு மடிப்பு மடிப்பாக விழும் கனத்த திரை, பெரியவர் மெத்தை பிடித்த இடங்களில் ஒரு பக்கம் புத்தக அலமாரி, மறுபக்கம் பஞ்சு அடைத்துத் துணி போர்த்திய சட்டம். அந்த இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, இன்னொருவரைச் சுவரோரமாக முகக்கண்ணாடியை நகர்த்தச் சொல்லுங்கள். ஸ்பீக்கர் எங்கே கண்ணாடியில் தெரிகிறதோ, அந்த இடம்தான். மொத்தம் 1,100 வெள்ளி ஆனது. ஆம்பும் கேபிளும் சேர்ந்து செய்யாததை இது செய்தது. மெல்லிய திரையால் பயனில்லை, அதற்கு வீண்செலவு செய்யாதீர்கள். ஸ்பீக்கரை என்னை நோக்கித் திருப்பி வைத்திருந்ததை மாற்றி நேரே பார்க்கவிட்டேன். இன்னும் கொஞ்சம் தணிந்தது. புது ஆம்பில் டிரெபிள் திருகே கிடையாது, விலை ஏற ஏற அதை எடுத்துவிடுகிறார்கள். பழைய ஆம்பில் இருந்தது. உயர்சுருதியை இரண்டு டெசிபெல் இறக்கிக் கேட்பதைக் கௌரவக் குறைவாகப் பேசுகிறவர்கள் பேசட்டும். பழைய பாட்டு கேட்கிறவனுக்கு அந்தத் திருகு தேவை. ஆனால் திருகு நேர் ஒலியையும் பக்க ஒலியையும் சேர்த்தே இறக்கும், இரண்டுக்கும் நடுவிலுள்ள பொருத்தமின்மையைத் தீர்க்காது. பாதி வழிதான் வந்திருந்தேன். ஸ்பீக்கரை மாற்றாமல் முடியாது என்று தெரிந்துபோயிற்று.

இரண்டாவது தேடலில் கடைக்குப் போவதற்கு முன்பே அளவீட்டு வரைபடம் பார்க்கக் கற்றுக்கொண்டேன். ஸ்டீரியோஃபைல் போன்ற பத்திரிகைகள் விமர்சனத்தோடு அளந்தும் போடுகின்றன. கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் ஃபிளாய்ட் டூல் என்ற விஞ்ஞானி, எது எந்த ஸ்பீக்கர் என்று கேட்பவருக்குத் தெரியாதபடி வைத்துச் செய்த சோதனைகளில், நேரே சமமாகவும் பக்கங்களில் சீராகக் குறைந்துகொண்டும் போகிற ஸ்பீக்கர்களைத்தான் பெரும்பாலோர் விரும்பினார்கள். என்னைப் போன்றவர்கள் பார்க்கவேண்டியது இரண்டே இடம். 2,000க்கும் 5,000க்கும் நடுவில் நேரே அளந்த கோட்டில் மேடு இருக்கிறதா? பக்கக் கோடுகள் அந்த இடத்தில் குழிந்து பிறகு எகிறுகின்றனவா? எழுத்தில் எவ்வளவு புகழ்ந்திருந்தாலும் இந்த இரண்டில் ஒன்று இருந்தால் டைல்ஸ் வீட்டுக்கு அது வேண்டாம்.

ட்வீட்டர் பட்டுத்துணி என்றால் இதம், உலோகம் என்றால் காட்டம் என்று கடைகளில் சொல்வார்கள். அப்படியே நம்பாதீர்கள். ஓர் அங்குல அலுமினிய ட்வீட்டர் அதிர்ந்து கூவுவது பெரும்பாலும் 20,000 ஹெர்ட்ஸுக்கு மேலே. என் வயதில் 12,000க்கு மேலேயே எதுவும் சரியாகக் கேட்பதில்லை. காதைக் கீறுவது அங்கே இல்லை, இணைப்பு நடக்கும் இடத்தில் இருக்கிறது. பட்டு ட்வீட்டரிலும் கீறும் ஸ்பீக்கர் கேட்டேன், உலோக ட்வீட்டரில் சாந்தமானதும் கேட்டேன். வூஃபரின் நடுவிலேயே ட்வீட்டரை வைத்துச் செய்கிற முறை ஒன்று உண்டு. தன்னாய் நிறுவனம் 1947லேயே கொண்டுவந்தது, கெஃப் நிறுவனம் 1988இல் யூனி-க்யூ என்று கொண்டுவந்தது. ஒலி எல்லாப் பக்கமும் ஒரே சீராகப் போவதற்கு அது நல்ல வழி. ட்வீட்டரைச் சுற்றிக் குழிந்த கிண்ணம் மாதிரி அமைப்பு இருப்பதும் அதற்காகத்தான்.

இதமான ஸ்பீக்கர் வேண்டும் என்று சொன்னதும் ஒரு கடையில் எதிர்ப்பக்கம் கொண்டுபோனார்கள். எதைப் போட்டாலும் மெத்து மெத்தென்று கேட்கும் ஒரு ஜோடி. பாட்டு காதைக் கீறவில்லை, ஆனால் மிருதங்கத்தின் வலந்தலையும் தொப்பியும் ஒன்றாகக் கேட்டன. தவிலில் குச்சி விழுகிறதா விரல் விழுகிறதா என்று தெரியவில்லை. இப்படிப்பட்டதை வாங்கினால் ஒரு மாதத்தில் சலித்துவிடும். குறை பொறுக்கிற ஸ்பீக்கர் விவரத்தைத் தின்னக்கூடாது, பதிவின் குறையைத் தூக்கிக் காட்டாமல் இருந்தால் போதும். அதனால் சோதிக்க மூன்று வகைப் பதிவு கொண்டுபோனேன். என்னிடம் இருப்பதிலேயே மோசமான, ஆனால் நான் விட்டுக்கொடுக்க முடியாத ஒரு பெண் குரல் பாட்டு. ஒரு நாதஸ்வரம், தவிலோடு. அது ஒரு நிமிடத்தில் ஸ்பீக்கரின் குணத்தைச் சொல்லிவிடும். ஒரு மனிதர் பேசும் பழைய வானொலிப் பேச்சு. பேச்சு இயல்பாக இருந்தால் பாட்டும் பெரும்பாலும் இயல்பாக இருக்கும். இந்த முறை கூச்சப்படவில்லை. சிடியை நீட்டினேன், ஒரு மணி நேரம் உட்காருவேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

கடைசியில் பிடித்தது பிபிசி வழியில் வந்த ஒரு ஜோடி. இங்கிலாந்து வானொலி நிலையம் தன் அறிவிப்பாளர்களின் குரல் ஸ்பீக்கரிலும் நேரிலும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிட்டு ஒப்பிட்டுச் செய்த மரபு அது. ஒலிபரப்பு வேனுக்குள் வைப்பதற்காக எழுபதுகளில் செய்த எல்எஸ்3/5ஏ என்ற குட்டி ஸ்பீக்கர் அதில் பிரபலம். அங்கே ஆராய்ச்சி செய்த டட்லி ஹார்வுட்தான் 1977இல் ஹார்பெத் நிறுவனத்தைத் தொடங்கினார். இந்த வகைப் பெட்டிகளின் பலகை மெலிதாக, உள்ளே தார் அட்டை ஒட்டியிருக்கும். விரலால் தட்டினால் மட்டமான பெட்டி மாதிரி தொப்பென்று சத்தம் வரும், என் மருமகன் தட்டிப் பார்த்துவிட்டு "மாமா, ஏமாத்திட்டாங்களா?" என்றார். பலகையின் அதிர்வைக் காது கவனிக்காத தாழ்ந்த சுருதிக்கு இறக்குவதற்காக வேண்டுமென்றே அப்படிச் செய்கிறார்கள். நான் வாங்கியதில் 6.5 அங்குல வூஃபர், 87 டெசிபெல், ஓம் எங்கேயும் 6க்குக் கீழே இறங்குவதில்லை. அந்த முக்கியமான இடத்தில் நேரே அளந்த கோடு சற்றே தாழ்ந்திருக்கும். பக்கக் கோடு நான் மேலே சொன்ன கணக்குப்படி முழுச் சுத்தம் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தாழ்வும் என் ஹாலில் உள்ள கம்பளமும் சேர்ந்து அதை மறைத்துவிடுகின்றன. பெயரைச் சொன்னால் விளம்பரமாகிவிடும். அடித்தள பேஸ் அதிகம் இல்லை, இன்றைய பாட்டுகளின் 'தும் தும்' வேண்டும் என்பவர்களுக்கு இது ஆகாது. எனக்கு 60 வாட் பழைய ஆம்பே போதுமானதாகிவிட்டது.

பழையதாகத்தான் வாங்கினேன். ஸ்பீக்கரை நிறுத்தும் தாங்கியோடு 9,500 வெள்ளி. பழையது வாங்கும்போது நம் ஊருக்கென்று சில ஜாக்கிரதைகள் உண்டு. முன்வலையைக் கழற்றி டார்ச் அடித்து வூஃபரின் வளையத்தைப் பாருங்கள். ரப்பராக இருந்தால் நல்லது, ஸ்பாஞ்சு என்றால் மாற்றும் செலவைக் கழித்துக் கேளுங்கள். கூம்பில் பூஞ்சைப் புள்ளி இருக்கிறதா பாருங்கள். பல ட்வீட்டர்களின் உள்ளே காந்த எண்ணெய் ஊற்றியிருப்பார்கள், வருடங்கள் போனால் அது காய்ந்து கெட்டியாகி ட்வீட்டரின் சத்தம் இறங்கிவிடும். இதமாக இருக்கிறது என்று நாம் மயங்குவது செத்துக்கொண்டிருக்கும் ட்வீட்டராக இருக்கலாம். ஒரு மோனோ பாட்டைப் போட்டு பேலன்ஸை முழுக்க இடது, முழுக்க வலது என்று திருப்பிக் கேளுங்கள். ஒன்று மற்றதைவிட மங்கலாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

முதல் ஜோடியை விற்றதில்தான் பெரிய அடி. 18,000க்கு வாங்கியது 10,500க்குப் போனது. புது ஆம்ப் 4,200. கேபிளை வாங்க ஆளே வரவில்லை. ஸ்பீக்கருக்கு இன்னும் 500 வெள்ளி கூடக் கிடைத்திருக்கும், வந்தவர் அட்டைப்பெட்டி எங்கே என்று கேட்டார். பின்கட்டுத் தரையில் பத்திரமாக மடக்கி வைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தால் அடிப்பக்கம் முழுக்கக் கரையான் தின்றிருந்தது. பெட்டி இல்லாமல் ஈப்போவைத் தாண்டி எடுத்துப்போக முடியாது என்று அவர் விலையைக் குறைத்தார், அதில் நியாயம் இருந்தது. வாங்கினால் பெட்டியையும் உள்ளே வரும் நுரைப் பலகைகளையும் பிளாஸ்டிக் பையில் கட்டி, தரையில் வைக்காமல் பரணில் ஏற்றிவிடுங்கள். இரண்டாவது ஜோடியின் அட்டைப்பெட்டிகள் இப்போது அங்கேதான் இருக்கின்றன, சுற்றிலும் கரையான் மருந்து தெளித்து.